பெட்டியில் 4 டிபி, திரையில் 3.63: ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க் பற்றி

இந்த ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை எல்லாம் வாங்கும் முன்பே படித்துவிட்டேன். பெரும்பாலும் ஒரே புகார்தான்: “4 டிபி என்று விற்கிறார்கள், உள்ளே 3.63 தான் இருக்கிறது, சுத்த ஏமாற்று.” நான் நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைத்த ஒன்று வேறு காரணத்துக்கு, அதற்குப் பிறகு வருகிறேன். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. எழுதப்போவதில் முக்கால்வாசி எந்தக் கம்பெனி டிஸ்க்குக்கும் அப்படியே பொருந்தும்.

எனக்கு வீடியோ எடிட்டிங் தொழில். முடித்த வேலைகளின் மூல ஃபைல்களைப் பத்திரப்படுத்தத்தான் இதை வாங்கினேன். கம்ப்யூட்டரில் செருகியதும் கூட வேலை செய்யும் பையன் எட்டிப் பார்த்தான். “அண்ணா, 370 ஜிபி எங்க போச்சு?” என்றான். எங்கேயும் போகவில்லை தம்பி என்று சொல்லி, டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸைத் திறந்து காட்டினேன். அப்போது திறக்கும் திரையில் கொள்ளளவு என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். எல்லோரும் பார்ப்பது வலது ஓரத்தில் இருக்கும் 3.63 டிபி. அதற்குப் பக்கத்திலேயே பைட் கணக்கில் பதின்மூன்று இலக்கத்தில் ஒரு நீள எண் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. அது 4-இல் தொடங்குகிறது. நாலு லட்சம் கோடிக்கும் கொஞ்சம் மேல்.

டிபி என்பது டெராபைட், டெரா என்றால் ஒரு லட்சம் கோடி. 4 டிபி என்றால் நாலு லட்சம் கோடி பைட். பெட்டியில் சொன்னது வந்துவிட்டது. இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே வந்திருக்கிறது. டிஸ்க்கில் எழுதும் இடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள், அதற்குச் செக்டர் என்று பெயர். 4 டிபி டிஸ்க்குகளில் பொதுவாக 781,40,37,168 செக்டர்கள் இருக்கும். செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 4,000,787,030,016. அதாவது சொன்னதைவிட 78 கோடி பைட் அதிகம். இந்த செக்டர் எண்ணிக்கையை டிஸ்க் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் பேசி ஒரே சூத்திரத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பெனி டிஸ்க் பழுதானால், அந்த இடத்தில் இன்னொரு கம்பெனியின் அதே அளவு டிஸ்க்கைப் போட்டால் பொருந்த வேண்டும், அதற்காக.

அப்புறம் 3.63 எங்கிருந்து வருகிறது? விண்டோஸ் அந்த நீள எண்ணை 1000-ஆல் வகுப்பதில்லை, 1024-ஆல் வகுக்கிறது. டெராபைட்டுக்கு வர நான்கு முறை வகுக்க வேண்டும். பையன் செல்போனில் கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பார்த்தான். 3.6387 வந்தது. விண்டோஸ் அதை முழுமையாக்கி 3.64 என்று கூடக் காட்டாது, மிச்சத்தை வெட்டிவிட்டு 3.63 என்று நிறுத்திவிடும். கஞ்சத்தனம்தான்.

ஒவ்வொரு முறை வகுக்கும்போதும் வித்தியாசம் கூடுகிறது. கிலோபைட்டில் இரண்டுக்கும் 2.4 சதவீதம்தான் இடைவெளி. மெகாபைட்டில் 5-ஐ நெருங்கும், ஜிகாபைட்டில் 7.4, டெராபைட்டில் கிட்டத்தட்ட 10. அந்தக் காலத்து 40 ஜிபி டிஸ்க் 37 காட்டியபோது பெரிதாகத் தெரிந்திருக்காது. 500 ஜிபி 465 ஆனது, 1 டிபி 931 ஜிபி ஆனது. டிஸ்க் பெரிதாகப் பெரிதாகத் திரையில் காணாமல் போவதும் பெரிதாகிறது.

இதில் டிஸ்க் கம்பெனிக்காரனை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1024 என்பது மெமரி சிப்பின் கணக்கு. அங்கே முகவரிக் கம்பி ஒன்று கூடினால் இடம் இரட்டிப்பாகும், அதனால் 1024, 2048 என்று போவது அதற்கு இயல்பு. 16 ஜிபி ராம் வாங்கினால் உண்மையிலேயே 1024 கணக்கில் 16 ஜிபி இருக்கும். சுழலும் தட்டுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. வட்டத்தில் எத்தனை செக்டர் பிடிக்கிறதோ அத்தனை. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் டிஸ்க்கான ராமாக்கின் கொள்ளளவையே 50 லட்சம் எழுத்து என்றுதான் சொன்னார்கள். ஆக, பத்தின் கணக்கு நேற்று விற்பனைக்காகக் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. பழைய 1.44 எம்பி ஃப்ளாப்பிதான் உண்மையான குளறுபடி. அதில் இருந்தது 1440 முறை 1024 பைட். 1000 பாதி, 1024 பாதி என்று கலந்து அடித்த எண். அதை எப்படி வகுத்தாலும் 1.44 சுத்தமாக வராது.

எனக்குக் கோபம் விண்டோஸ் மேல்தான். 1024-ஆல் வகுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கணக்குக்கென்றே டெபிபைட், கிபிபைட் என்று தனிப் பெயர்களை ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பு 1998-லேயே கொடுத்துவிட்டது. விண்டோஸ் வகுப்பது ஒரு கணக்கில், பக்கத்தில் எழுதும் அலகு இன்னொரு கணக்கில். துணியை மீட்டரில் அளந்துவிட்டுக் கஜம் என்று சீட்டு ஒட்டுவது போல. மேக்கில் 2009-இல் வந்த ஸ்னோ லெபர்ட் பதிப்பிலிருந்து 1000 கணக்குக்கு மாறிவிட்டார்கள். இதே டிஸ்க்கை நண்பர் ஒருவரின் மேக்கில் செருகிப் பார்த்தேன், 4 டிபி என்று காட்டியது. கழற்றி விண்டோஸில் போட்டால் மறுபடி 3.63.

பையனுக்கு இதெல்லாம் போதவில்லை. “எவ்வளவு ஃபுட்டேஜ் பிடிக்கும், அதைச் சொல்லுங்க” என்றான். சரியான கேள்வி. எங்கள் கேமரா நொடிக்கு 100 மெகாபிட் எழுதும். எட்டு பிட் ஒரு பைட், அப்படியானால் மணிக்கு 45 ஜிபி. 4000-ஐ 45-ஆல் வகுத்தால் 88 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதே ஒரு மணி நேர ஃபுட்டேஜை விண்டோஸ் 41.9 ஜிபி என்று காட்டும், டிஸ்க்கை 3726 ஜிபி என்று காட்டும். வகுத்தால் அதே 88 சொச்சம். டிஸ்க் சிறுத்தால் ஃபைலும் கூடவே சிறுக்கிறது. பெட்டியில் இருக்கும் எண்ணை எடுத்து, விண்டோஸ் காட்டும் ஃபைல் அளவால் வகுத்தால்தான் கணக்கு உதைக்கும்.

அமெரிக்காவில் இதே விஷயத்துக்காக சீகேட் என்ற டிஸ்க் கம்பெனி மேல் வழக்குப் போட்டு, 2007-இல் சமரசம் ஆனது. வாங்கியவர்களுக்கு விலையில் 5 சதவீதம் அல்லது ஒரு பேக்கப் மென்பொருள் என்று முடித்துக்கொண்டார்கள். என் பெட்டியின் அடியிலும் 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட் என்று அச்சடித்திருக்கிறது. எழுத்து எறும்பு சைஸ். முன்பக்கத்தில் ‘விண்டோஸில் 3.63 என்று தெரியும்’ என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஃபார்மட் செய்வதால்தான் இடம் போகிறது என்று சொல்பவர்களும் உண்டு. ஃபைல் பட்டியலுக்கும் மற்ற கணக்கு வழக்குக்கும் போவது சில நூறு எம்பி. 4 டிபியில் அது ஒன்றுமே இல்லை.

நிஜமாகவே இடம் போகும் வழிகள் வேறு, அதில் ஒன்று இந்த டிஸ்க்கிலேயே இருந்தது. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடட்டும் என்று எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் முறையில் ஃபார்மட் செய்து அனுப்புகிறார்கள். இந்த அளவு டிஸ்க்கில் எக்ஸ்ஃபேட் இடத்தை 128 கேபி துண்டுகளாகப் பிரித்து வைக்கும். 4 கேபி ஃபைலாக இருந்தாலும் ஒரு முழுத் துண்டு அதற்குப் போய்விடும். பெரிய வீடியோ ஃபைலுக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் எடிட்டிங் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் அலைவடிவம், சிறுபடம், சப்டைட்டில் என்று குட்டி ஃபைல்கள் மலை போல் குவியும். அப்படி 4 கேபி ஃபைல்கள் ஒரு லட்சம் இருந்தால் சுமார் 12 ஜிபி காற்றில் போகும். ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் ‘சைஸ்’, ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்று இரண்டு வரி இருக்கும். இரண்டும் வெகுதூரம் தள்ளி நின்றால் இதுதான் காரணம். நான் முதல் நாளே விண்டோஸின் சொந்த ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ்-க்கு மாற்றிவிட்டேன். அதில் துண்டு 4 கேபி. தவிர, காப்பி ஓடும்போது வயர் பிடுங்கினால் எக்ஸ்ஃபேட் கொஞ்சம் அசட்டையானது, நடந்ததைக் குறித்து வைத்துச் சரிசெய்யும் வசதி அதில் இல்லை. மேக்கிலும் எழுத வேண்டியவர்கள் எக்ஸ்ஃபேட்டிலேயே விட்டுவிடலாம்.

டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துப் புதிதாகப் பார்டிஷன் போடுகிறவர்கள் பழைய எம்பிஆர் முறையைத் தேர்ந்தெடுத்தால் 2048 ஜிபியோடு நின்றுவிடும், மீதி 1678 ஜிபி யாருக்கும் பயனில்லாமல் கிடக்கும். ஜிபிடி என்ற புதிய முறையைத் தேர்ந்தெடுத்தால் முழுதும் கிடைக்கும். லினக்ஸில் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் முறையைப் போட்டால் நிர்வாகிக்கென்று 5 சதவீதத்தை ஒதுக்கிவைக்கும், 4 டிபியில் அது 200 ஜிபி. வெறும் ஃபைல் கிடங்காக வைத்திருக்கும் டிஸ்க்குக்கு அது தேவையில்லை, ட்யூன்2எஃப்எஸ் கட்டளையில் குறைத்துக்கொள்ளலாம்.

போலி டிஸ்க் தனி ரகம். உள்ளங்கைக்குள் அடங்கும் 16 டிபி என்று விற்பார்கள், திரையிலும் தாராளமாகப் பெரிய எண்ணைக் காட்டும். உள்ளே இருப்பதோ சின்ன சிப். அது நிறைந்ததும் பழைய ஃபைல் மேலேயே எழுத ஆரம்பிக்கும். அதனால் திரையில் காட்டும் எண்ணை வைத்து அசல், போலி சொல்ல முடியாது. எழுதி நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். அதற்கான மென்பொருள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. இந்த டிஸ்க்கை அப்படி முழுதாக நிரப்பினேன். எழுத ஒரு பகல், படிக்க ஓர் இரவு. ஒரு பைட் கூடத் தவறவில்லை.

நிரப்பும்போதுதான் குறை தெரிந்தது. தொடக்கத்தில் நொடிக்கு 130 எம்பி வரை போன வேகம், கடைசியில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தட்டின் வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்துக்குப் போகும்போது எல்லா டிஸ்க்கிலும் வேகம் இறங்கும், ஆனால் சின்ன ஃபைல்களை மொத்தமாக அழித்து எழுதும்போது இது நடுநடுவே மூச்சு வாங்குகிறது. கேபிள் செருகும் அகலமான மைக்ரோ-பி சாக்கெட் வேறு லேசாக ஆடுகிறது, கேபிளும் முழங்கை நீளம்கூட இல்லை, டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் செருகினால் டிஸ்க் தொங்குகிறது. ஒரு நட்சத்திரம் அதற்குத்தான் போனது. முடிந்த வேலையைப் போட்டு வைக்க வாங்கலாம். இதிலிருந்தே நேராக எடிட் செய்ய நினைப்பவர்கள் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி பக்கம் போங்கள், 1 டிபி எஸ்எஸ்டியும் விண்டோஸில் 931 தான் காட்டும்.