ஏற்காடு மலைப்பாதைக்கு எந்த வீல் பூச்சு?

ஒரே தெருவில் மூன்று கார்கள்: என்னுடையது, மச்சினனுடையது, பக்கத்து வீட்டு அண்ணனுடையது. மூன்றிலும் வெள்ளி நிற அலாய் வீல். மூவருக்கும் ஒரே வருஷத்தில் அதைக் கறுப்பாக்கும் ஆசை வந்தது. நான் உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் ஸ்ப்ரே அடித்தேன். அண்ணன் கேனில் வரும் வீல் பெயிண்ட் அடித்தார். மச்சினன் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தான். ஓடுகிற பாதை மூவருக்கும் ஒன்றுதான்: அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள்.

முதலில் என் கதை. இந்த ரப்பர் பூச்சில் பேர் பெற்ற சரக்கு அமெரிக்காவின் பிளாஸ்டி டிப். இடுக்கி, ஸ்பேனர் கைப்பிடிகளை முக்கி எடுக்கப் பயன்பட்டது, பிற்பாடு ஸ்ப்ரே கேனில் ஏறி கார் வீலுக்கு வந்தது. இது பெயிண்ட் மாதிரி உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்வதில்லை. கரைப்பான் ஆவியாகிப் போனதும் ரப்பர் ஒரு தோலாக மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் உரிகிறது. பெட்ரோல் சிந்தினால் மறுபடி இளகிப்போவதும் அதனால்தான்.

அடிப்பதில் பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். வீலை ஷாம்பு போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே அட்டை செருக வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செருகினேன். வைகாசி முகூர்த்தங்கள் மொத்தமும் அன்றைக்குக் கறுப்பாயின. முதல் பூச்சு லேசாக, தூறல் மாதிரி. பிறகு கொஞ்சம் ஈரமாக, கால் மணி, அரை மணி இடைவெளி விட்டு நான்கைந்து தடவை. சேலத்துச் சித்திரை வெயிலில் அடித்தால் துளி வீலைத் தொடும் முன்பே காய்ந்து, சொரசொரவென்று மணல் மாதிரி ஒட்டும். காலையில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது. மழை ஈரத்திலும் ஏற்காட்டுப் பனியிலும் அடித்தால் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும்.

எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கேனை மிச்சம் பிடிக்கிறோம் என்று இரண்டு பூச்சோடு நிறுத்திவிடுவது. நானும் பின் வீல் ஒன்றில் அப்படிச் செய்தேன். கனமான பூச்சு, வாழைப்பட்டை உரிவதுபோல ஒரே இழுப்பில் வரும். மெல்லிய பூச்சு வராது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. உரிக்க வேண்டும் என்பதற்காகவே வாங்கியதை உரிய விடாமல் அடித்தேன் என்றால் யாரைக் குறை சொல்ல?

மலைப்பாதையில் இது எப்படி நின்றது? வெப்பம்தான் முதல் பயமாக இருந்தது. இந்தப் பூச்சு சுமார் 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் டிஸ்க் 200 டிகிரியைத் தாண்டிப் போகும். ஆனால் வீலின் கம்பிகள், அதாவது ஸ்போக்குகள், அவ்வளவு சுடுவதில்லை. இரண்டாவது கியரில் இறங்குகிறவருக்குக் கவலையே வேண்டாம். என் பூச்சு உருகவில்லை. அதைக் கெடுத்தது வேறு. சூடான பிரேக் தூள் மெத்தென்ற ரப்பரில் பதிந்து, முன் வீல் இரண்டும் பழுப்பேறின. தேய்த்தால் பளபளப்புத் திட்டு விழுகிறது, கடுமையான வீல் கிளீனர் போட்டால் ரப்பரே இளகுகிறது. அப்புறம் ஒன்பதாவது வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி ஓரக்கல்லில் உரசினேன். அங்கே ஒரு கிழிசல். அடுத்த வாட்டர் சர்வீஸில் பையன் தண்ணீர் பீய்ச்சும் கன்னை நெருக்கிப் பிடித்ததும், அந்தக் கிழிசலில் புகுந்த தண்ணீர் உள்ளங்கை அகலத்துக்குத் தோலை எடுத்துவிட்டது.

அண்ணனின் கேன் பெயிண்ட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர், நிறம், மேலே நிறமில்லாத கிளியர் என்று அடித்தார். கல் பட்ட இடத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்தது. அரை மணியில் டச்சப் செய்துகொள்கிறார், கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஒருமுறை தேய்த்துவிட்டால் கம்பெனிப் பூச்சு போனது போனதுதான். ஸ்டீல் ரிம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதையே அடிக்கலாம். வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். வளைந்த கம்பிகளின் இடுக்கில் அது உட்காராது, விட்டுவிடுங்கள்.

மச்சினன் வழி செலவான வழி. டயரைக் கழற்றி, பழைய பூச்சை நீக்கி, மின்னூட்டிய தூளைத் தெளித்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் பத்திருபது நிமிஷம் அடுப்பில் வைத்து உருக்கி இறுக்குகிறார்கள். கார் மூன்று நாள் வீல் இல்லாமல் ஜாக்கி ஸ்டாண்டில் நின்றது. ஆனால் இரண்டு மழைக்காலம் தாண்டியும் அந்த வீல் துணியால் துடைத்தால் புதுசு.

இதில் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் எடுத்த ஊர்க்காரர்கள் நாம். அலாய் வீலும் அலுமினியம்தான், அதற்கு அளவு மீறிய சூடு ஆகாது என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய பெயிண்ட்டைத் தீயால் எரித்து எடுக்கிற பட்டறை என்றால் வீலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நட்டு உட்காரும் குழியிலும், ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதி) பதியும் முகத்திலும் தூள் படியாமல் மறைக்கச் சொல்லுங்கள். அங்கே கனமாகப் படிந்தால் ஓட ஓட அது நசுங்கி, நட்டு தளரும். ரப்பர் அடிக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மச்சினன் முதல் ஏற்காட்டுப் பயணம் முடிந்ததும் நட்டுகளை மறுபடி முடுக்கினான். "மாமா, உங்க வண்டியையும் கொண்டாங்க, பார்த்துடறேன்" என்று என்னுடையதையும் பார்த்தான். டயர் கழற்றியதால் பேலன்சிங்கும் புதிதாகச் செய்ய வேண்டும்.

அப்படியென்றால் ரப்பர் வீண் செலவா? இல்லை. வெள்ளோட்டத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. கறுப்பு எனக்கு ஒத்துவராது என்று அதில்தான் தெரிந்தது. நம் ஊர் வெள்ளைக்கல் பூமி. ரோட்டுப் புழுதி வெளுப்பு. மட்டக் கறுப்பு வீலில் அது கோலமாவு சிந்தியதுபோலத் தெரிகிறது, காலையில் கழுவினால் மாலையில் மறுபடி. வாரம் ஒருதரம் மலை ஏறாமல் ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர், வண்டியை விற்கும்போது பழைய வெள்ளி நிறம் அப்படியே வேண்டும் என்கிறவர், கனமாக ஐந்து பூச்சு அடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

நான் உரித்துவிட்டேன். உள்ளே வெள்ளி நிறம் அப்படியே இருந்தது, கிழிந்த இடத்தில் மட்டும் ஓரக்கல்லின் கீறல். அடுத்த மாதம் டயர் மாற்ற வேண்டும். எப்படியும் டயர் கழலப் போகிறது, அன்றைக்கே பவுடருக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். சாம்பல் நிறத்தில்.