ஒரு நிமிடத் தீ, மூன்று ஆண்டு வேலை: பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சரிசெய்த அனுபவம்

2019-ஆம் ஆண்டு, பத்து வயதான நிலையில் நான் வாங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், பிஒய் 01 பதிவெண். சாலை வரி குறைவு என்பதற்காக வெளி மாநிலத்தார் பலர் விலையுயர்ந்த கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அப்படி வந்து இங்கேயே தங்கிவிட்ட வண்டிகளுள் ஒன்றுக்கு நான் மூன்றாவது உரிமையாளர் ஆனேன். 2022 ஆகஸ்டில் அதன் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. அணைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி மீண்டும் சாலைக்கு வர ஐந்து மாதங்கள் ஆயின. அதன்பின் 21,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, எது நெருப்பால் கெட்டது, எது நெருப்பை அணைத்த பொடியால் கெட்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடிகிறது. இரண்டாவதுதான் அதிகம்.

கடலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கிருமாம்பாக்கத்தைத் தாண்டும்போது ஏசி வழியாகப் பெட்ரோல் வாடை வந்தது. தவளக்குப்பம் நெருங்குமுன் பானெட்டின் ஓரத்தில் புகை தெரிந்ததும் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பானெட்டின் லீவரை மட்டும் இழுத்துவிட்டு இறங்கினேன். பின்னால் வந்து நிறுத்திய லாரி ஓட்டுநர் தீயணைப்பானோடு ஓடிவந்து, “மூடியைத் தூக்காதீங்க சார், காத்து பூந்தா குப்புனு எரியும்” என்று சொல்லி, லீவர் விட்ட இடைவெளி வழியாகவே பொடியை முழுவதும் அடித்துத் தீர்த்தார். அவருடைய அந்த ஒரு வார்த்தையால்தான் எஞ்சின் மிஞ்சியது. மற்றொன்றும் தற்செயலாக நல்லதாக அமைந்தது: பொடி பறந்த நேரத்தில் எஞ்சின் ஓடவில்லை. ஓடியிருந்தால் அது காற்றோடு சிலிண்டருக்குள் போயிருக்கும்.

காரணத்தைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. எனக்கு முன்பே யாரோ ஒருவர், பெட்ரோல் பம்பிலிருந்து எஞ்சினுக்கு வரும் ரப்பர் ஹோஸை, குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் வரும் பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு உரிய ஆர்7 வகை ஹோஸால் மாற்றியிருந்தார். அந்த வகை ஏறத்தாழ 3.5 பார் அழுத்தத்துக்கானது. என் வண்டியின் அந்தக் குழாயில் 5 பார் அளவில் அழுத்தம் இருக்கிறது. போதாக்குறைக்கு, திருகு இறுக்கும் சாதாரணக் கிளிப்பைப் போட்டிருந்தார்கள். அதன் பல்வரிசை ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருந்தது. கசிந்த பெட்ரோல், எஞ்சினின் சூடான புகையால் சுழன்று தானும் கொதிக்கும் டர்போவின் பக்கம் சொட்டியது. இது நூறு ரூபாய்ப் பொருளில் மிச்சம் பிடித்த வேலை. மாற்றியவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாங்கும்போது பானெட்டைத் திறந்து பெயின்ட்டைத் தடவிப் பார்த்த நான், ஹோஸின் மேல் அச்சிட்டிருந்த எழுத்தைப் படிக்கவில்லை.

காப்பீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீ விபத்துக்கு இழப்பீடு வேண்டுமானால் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு இருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. என்னிடம் முதல் வகை இருந்தது. ஆனால் வண்டி பத்து ஆண்டைத் தாண்டியதால் உலோகப் பாகங்களுக்குப் பாதி, ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதி என்று தேய்மானம் கழித்தார்கள். 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்பதால் கட்டாயக் கழிவாக 2,000 ரூபாயும் போனது. பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்று தந்த மதிப்பீடு, காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் வண்டியை முழு இழப்பாக எழுதிவிடும் நிலை வந்தது. தனிப் பட்டறை ஒன்றின் மதிப்பீட்டைக் கொடுத்து அதைத் தவிர்த்தேன். முடிவில் 3,42,000 ரூபாய் செலவுக்கு 1,38,000 ரூபாய் வந்தது.

பணத்தைவிட அதிகம் இழந்தது நாட்களைத்தான். காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்றார்கள். அவர் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வண்டி புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு ஷெட்டில் பொடியோடு நின்றது. லாரிகளில் இருக்கும் ஏபிசி வகைத் தீயணைப்பானில் உள்ளது பெரும்பாலும் அம்மோனியம் பாஸ்பேட் உப்பு. சூடான உலோகத்தில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சினால் அமிலத்தன்மை கொள்ளும். ஒயர்களின் பிவிசி உறை எரிந்தால் வரும் புகையிலும் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. கடற்கரை ஊரின் ஆகஸ்ட் ஈரத்தில் இவை இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்: தீ நெருங்கவே இல்லாத ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப் பொரிந்திருந்தது. சர்வேயருக்கு எல்லாப் பக்கமும் படமும் வீடியோவும் எடுத்து அனுப்பி, சுத்தம் செய்ய எழுத்துமூலம் அனுமதி கேட்டிருந்தால் இரண்டாம் நாளே வேலை தொடங்கியிருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். கேட்கத் தோன்றவில்லை.

சுத்தம் செய்த முறையிலும் முதலில் ஒரு தவறு நடக்கவிருந்தது. பட்டறைப் பையன் வாட்டர் வாஷ் குழாயை எடுத்தான். நல்லவேளையாக மெக்கானிக் தடுத்தார். முதலில் உலர்ந்த நிலையிலேயே வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடா கரைத்து உலோகப் பகுதிகளைத் துடைத்து அமிலத்தை முறிக்க வேண்டும்; ஒயர்களைச் சொருகி இணைக்கும் கப்ளர்களுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போ வரை குழாய்களைக் கழற்றி, உள்ளே பொடி இல்லை என்று கேமரா விட்டுப் பார்த்து, எண்ணெயை மாற்றிய பிறகே எஞ்சினைச் சுற்றினோம். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றுபோல் வந்த அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஒயரிங்தான் உண்மையான வேலை. எஞ்சின் ஒயர்கள் எல்லாம் சேர்ந்த கட்டான ஹார்னெஸைப் புதிதாக வாங்கும் விலை என் வசதிக்கு எட்டவில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்த பழையது வேறு மாடலுக்கானது. வில்லியனூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓர் எலக்ட்ரீஷியன் அண்ணன், இருப்பதையே கட்டித் தருவதாக ஏற்றுக்கொண்டார். உறை மட்டும் கருகிய ஒயர்களைத் துடைத்து டேப் சுற்றினால் போதாதா என்று கேட்டேன். “தம்பி, மேல கறுப்பா இருக்கறது ஒண்ணுமில்ல, உள்ள பச்சை புடிச்சிருக்கும். செம்பு பளிச்சுனு தெரியிற வரைக்கும் வெட்டியே ஆகணும்” என்றார். சில ஒயர்களில் அந்தப் பளிச்சைக் காண ஒரு சாண் தூரம் உள்ளே போக வேண்டியிருந்தது. 63 ஒயர்களை வெட்டி, 125 டிகிரி செல்சியஸ் தாங்கும் உறை கொண்ட ஒயரை அதே நிறம், அதே தடிமனில் வைத்து இணைத்தார். எஞ்சின் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் ஒயர் ஒடியும் என்பதால் ஈயத்தால் பற்றவைக்காமல், சிறு உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி (கிரிம்ப் செய்து), உட்புறம் பசையுள்ள ஸ்லீவைச் சுடவைத்துச் சுருக்கினார். அவருக்குக் கொடுத்த 46,000 ரூபாய்தான் இந்த முழுச் செலவிலும் நான் மனமுவந்து கொடுத்த தொகை.

அவர் கை வைத்த இணைப்புகளில் ஒன்றுகூட இன்றுவரை தொந்தரவு தரவில்லை. தொந்தரவெல்லாம் நாங்கள் நன்றாக இருக்கிறது என்று விட்டுவைத்த இடங்களிலிருந்து வந்தது. பதினான்காம் மாதம், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கப்ளரைப் பிரித்தால் ஊசிகளில் பச்சைப் பூஞ்சை போல் துரு. 2024 மழைக்காலத்தில், எஞ்சின் புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் விட்டுவிட்டு வேலை செய்தது. அங்கேயும் அதே பச்சை. எஞ்சின் அறையிலுள்ள எல்லாக் கப்ளர்களையும் தீ நடந்த மாதத்திலேயே மாற்றியிருந்தால் கூடுதலாகப் பதினைந்தாயிரம் ஆகியிருக்கும். தவணை முறையில் அதைவிட அதிகம் செலவழித்துவிட்டேன். அதே ஆண்டு பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்து, ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது ஒரு குறையும் சொல்லப்படவில்லை.

புது ஹோஸ், உட்படலம் ஃப்ளூரோ ரப்பரால் ஆன ஆர்9 வகை. அறுக்காத வழவழப்பான கிளிப். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், இந்த வயது வண்டிகளில் மற்ற ரப்பர்ப் பாகங்களையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்த்து, துணியால் துடைத்து மோந்து பார்க்கிறேன். இருக்கைக்கு முன்னால் பொடி மிச்சம் வைக்காத வாயு வகைத் தீயணைப்பான் ஒன்று பொருத்தியிருக்கிறேன். ஆனாலும் அவசரத்தில் கைக்குக் கிடைப்பது பொடியாக இருந்தால் அதையே அடிப்பேன். அன்று இரவே வேக்குவம் கிளீனரைத் தேடுவேன்.

பானெட்டின் உட்புறத்தில் கொப்பளித்த பெயின்ட்டைச் சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் மட்டும் அடித்து விட்டிருக்கிறேன். மழை நாளில் ஏசியைப் போட்டால் முதல் இரண்டு நிமிடம் இன்னமும் லேசாகக் கருகல் வாடை வருகிறது. எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலின் பின்னால் இருக்கும் பஞ்சில் புகை ஏறியிருக்கும் என்கிறார் மெக்கானிக். அதை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். அதற்கு இன்னும் மனம் வரவில்லை.