காய்ச்சல் காலத்துக்குப் பேலியோ சாப்பாடு: கோவையின் ஒரு டப்பா சேவை பற்றிய மதிப்புரை

கோவையில் பேலியோ உணவு, அதாவது மாவுச்சத்தைக் குறைத்த உணவு சமைத்து வீட்டுக்கே அனுப்பும் சிறு சமையற்கூடங்கள் இப்போது பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, மழைக்காலம் தொடங்கியதும் உடல்நலமில்லாதவர்களுக்கென்று தனியாக ஒரு தொகுப்பை விற்கிறது. காலையில் சூப்பும் முட்டையும், மதியம் ரசத்தோடு ஒரு காய்கறி வகை, மாலையில் இஞ்சிக் கஷாயம், இரவில் மீண்டும் சூப் என்று நான்கு வேளைக்கும் அவர்களே திட்டமிட்டு அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வாரத்தில் வைரஸ் காய்ச்சல் வந்தபோது இருவருக்கும் சேர்த்து இதை வரவழைத்தோம். இருவரும் சர்க்கரை நோயாளிகள். இருவருமே மாவுச்சத்தைக் குறைத்து உண்கிறவர்கள். நான் சொல்லப்போகும் குறைகள் இதே தொழிலில் இருக்கும் வேறு பலருக்கும் பொருந்தக்கூடியவை என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இப்படி ஒரு தொகுப்புக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது. நம் வீடுகளில் காய்ச்சல் என்றால் கஞ்சி, இட்லி, பிரெட், ரஸ்க், குளுக்கோஸ் தண்ணீர் ஆகியவைதாம் வரிசையாக வந்து நிற்கும். அத்தனையும் மாவுச்சத்து அல்லது நேரடிச் சர்க்கரை. ஒரு நடுத்தர இட்லியில் 8 முதல் 10 கிராம் வரையும், ஒரு துண்டு பிரெட்டில் ஏறத்தாழ 12 கிராமும் மாவுச்சத்து இருக்கும் என்று வைத்துக்கொண்டால், பசியே இல்லாத ஒருவர் வீட்டார் வற்புறுத்தலுக்காக உண்ணும் சிறு அளவும்கூட அவருடைய வழக்கமான ஒரு நாள் கணக்கைத் தாண்டிவிடும். அது போக, காய்ச்சலே சர்க்கரையை ஏற்றிவிடும். தொற்றை எதிர்க்கும் உடல் கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க, அவை ஈரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்குள் தள்ளிவிடுகின்றன. இதனால் எதுவும் சாப்பிடாத காலையிலும் குளுக்கோமீட்டர் வழக்கத்தைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். அந்த நிலையில் மேற்கொண்டு சர்க்கரை சேர்க்காத, ஆனால் தொண்டையில் இறங்கக்கூடிய உணவு வெளியில் கிடைப்பது அரிது. அந்த இடத்தை இந்தச் சேவை பிடித்துக்கொண்டிருக்கிறது.

தொகுப்பின் உயிர் ஆட்டுக்கால் சூப்தான். எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டிருக்கிறார்கள் என்பது மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடுகிறது. ஆறிய டப்பாவின் மேல் வெண்மையாக ஒரு கொழுப்பு ஏடு படிந்திருக்க, அதன் அடியில் சூப் தளதளவென்று உறைந்து நிற்கிறது. சுடவைத்தால் இரண்டும் கரைந்து மிளகும் சீரகமும் மணக்க மேலெழும். சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் இருக்கும் இடம் தெரியாத அளவுக்குக் கரைத்திருக்கிறார்கள். சோள மாவு கரைத்துவிட்டுக் கெட்டியாக்கும் உணவகப் பழக்கம் இங்கே இல்லை. முக்கியமாக, உப்பைக் கஞ்சத்தனமில்லாமல் போட்டிருக்கிறார்கள். மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர்களின் உடலில் இன்சுலின் அளவு தாழ்ந்திருப்பதால் சிறுநீரகம் வழக்கத்தைவிடக் கூடுதலாக உப்பை வெளியேற்றிவிடும். காய்ச்சலில் வியர்வையோடும் உப்பு போகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுவதற்கும் கால் தளர்வதற்கும் பல வேளைகளில் அதுவே காரணம். ஆகவே இந்தச் சூப்பின் உப்பைக் குறையாகச் சொல்லமாட்டேன். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன உப்பு வரம்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சைவர்களுக்கு இதற்கு மாற்றாக முருங்கைக்கீரை சூப் தருகிறார்கள். ஒரு வேளை அதையும் வாங்கிப் பார்த்தேன். நன்றாக இருந்தாலும் நீர்த்திருந்தது.

பருப்பு சேர்க்காத மிளகு ரசம், நெய்யில் செய்த முட்டைப் பொடிமாஸ், மோர் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் வீட்டுச் சமையலின் தரத்தில் இருந்தன, காரம் அளவோடு இருந்தது, புளி மட்டும் ஒரு நாள் சற்றுத் தூக்கலாகப் போய்விட்டது.

காலிபிளவர் சாதத்தையும் பாதாம் மாவு ரொட்டியையும் நோயாளிக்கான தொகுப்பில் சேர்த்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நலமாக இருப்பவர் சோற்றுக்கும் சப்பாத்திக்கும் மாற்றாக இவற்றை விரும்பி உண்ணலாம். தொண்டை புண்ணாகிக் கிடப்பவருக்குப் பாதாம் ரொட்டி காய்ந்த மரத்தூள் போல ஒட்டிக்கொள்கிறது, குமட்டல் இருப்பவருக்குக் காலிபிளவர் வாடையே போதும் தட்டை நகர்த்திவைக்க. நோயாளியின் வயிற்றுக்கு வாயு ஏற்றும் காயை மதிய உணவாகத் தருவதற்குப் பதிலாக, வெந்த சுரைக்காயோ பூசணிக்காயோ கூட்டாகத் தந்திருக்கலாம். பேலியோ சமையலில் எப்போதும் இருக்கும் பொருட்களை அப்படியே எடுத்துக் காய்ச்சல் என்ற பெயரில் அடுக்கிவிட்டார்கள் என்ற எண்ணம் இங்கேதான் எழுகிறது.

அந்த எண்ணத்தை மாலைக் கஷாயம் உறுதிப்படுத்தியது. இஞ்சி, மிளகு, துளசி, எலுமிச்சை என்று சீட்டில் எழுதியிருக்கிறது. குடித்தால் நாக்கில் தேன் தெரிகிறது. கேட்டபோது, “காய்ச்சலுக்குத் தேன் நல்லதுங்க சார், ஒரு ஸ்பூன்தான் போடறோம்” என்று சமையற்கூடத்தை நடத்தும் அம்மையார் சொன்னார். இருமலுக்குத் தேன் இதம் தரும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருக்கிறது, அது ஒரு பிரெட் துண்டைவிட அதிகம். அதைச் சீட்டில் எழுதாமல் விடுவது, கிராம் கணக்குப் பார்த்து உண்கிறவர்களை நம்பி நடக்கும் ஒரு தொழிலுக்கு அழகல்ல. சொன்ன பிறகு எங்களுக்குத் தேன் இல்லாமல் அனுப்பினார்கள் என்பதையும் பதிவுசெய்துவிடுகிறேன். மருந்துக் கடையிலும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. இருமல் சிரப் பலவற்றில் சர்க்கரைப் பாகு அடிப்படையாக இருக்கும். சர்க்கரை இல்லாதது என்று கேட்டு வாங்கினால் அதில் பெரும்பாலும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், அது அளவு கூடினால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பெரியவர்களுக்கு மாத்திரையாகவே கிடைக்கும்போது சிரப்பைத் தேடுவானேன் என்பது என் கருத்து.

இதுவரை சொன்னவை சுவையையும் சீட்டையும் பற்றியவை. இந்தச் சேவையின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது, அது அண்ணனுக்கு வாந்தி தொடங்கிய அன்று வெளிப்பட்டது. தொகுப்போடு வரும் துண்டறிக்கையில், உடலில் நீர் வற்றினால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் மோரும் குடிக்கலாம், குளுக்கோஸ் இருப்பதால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் வேண்டாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது தவறான அறிவுரை. உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டு திருத்திய கலவையின்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு இருக்கும். அந்தக் குளுக்கோஸைச் சுவைக்காகச் சேர்க்கவில்லை. சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வாயில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நுழையும்போது தண்ணீரும் பின்தொடர்ந்து உறிஞ்சப்படுகிறது. மேலும், 200 மில்லி டம்ளர் ஒன்றில் வருவது 2.7 கிராம் குளுக்கோஸ்தான், அரை இட்லிக்குக்கூட அது ஈடாகாது. பேலியோவுக்குப் பயந்து இதை ஒதுக்குவதில் எந்தப் பொருளும் இல்லை. மருந்துக் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் பொடியை, உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் அடைத்துப் பழச்சாறு போல விற்கப்பட்ட இனிப்புப் பானங்கள் இதே பெயரைத் தாங்கி வந்தது வேறு கதை. அந்தப் பெயரை அப்படிப்பட்ட பானங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. துண்டறிக்கை எழுதியவர் அந்தப் பானங்களை எண்ணி அப்படி எழுதினாரோ என்னவோ.

துண்டறிக்கை ஒருபுறம் இருக்க, சந்தா எடுக்கும்போது அவர்கள் கேட்ட கேள்விகள் என்னென்ன என்று எண்ணிப் பார்த்தேன். சைவமா அசைவமா, காரம் எவ்வளவு, ஒவ்வாமை உண்டா, எந்த நேரத்துக்கு வேண்டும் என்று கேட்டார்களே தவிர, சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சமையற்காரரிடம் இதை எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். நோயாளிக்கென்று தனித் தொகுப்பு போட்டு, சர்க்கரை நோயாளிகளைக் குறிவைத்து விற்கும்போது எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

காரணம், டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் இவற்றில் முதலாவதன் காப்புரிமை இந்தியாவில் 2020இலும் இரண்டாவதன் காப்புரிமை 2025இலும் முடிவடைந்ததால் விலை சரிந்து, இன்று ஏராளமானோர் இவற்றைச் சாப்பிடுகிறார்கள். என் அண்ணனும் அவர்களில் ஒருவர். இந்த மாத்திரை, குறைந்த மாவுச்சத்து, காய்ச்சல், வாந்தி, நீர்வற்றல் எல்லாம் ஒரே நேரத்தில் கூடினால் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் அபாய அளவுக்கு ஏறக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015ஆம் ஆண்டிலேயே இதை எச்சரித்திருக்கிறது. இதில் ஏமாற்றும் அம்சம் என்னவென்றால், சர்க்கரை அளவு 250க்குக் கீழே, சில வேளைகளில் நன்றாகவே இருப்பது போலத் தோன்றும்போதும் இது வரும். குளுக்கோமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவார். குமட்டல், வயிற்று வலி, அசதி, வேகமாக மூச்சு வாங்குதல் என்ற அறிகுறிகளையும் காய்ச்சலின் கணக்கிலேயே எழுதிவிடத் தோன்றும். பேலியோவில் இருப்பவர் கீட்டோன் ஏறுவதைக் கொழுப்பு கரையும் நல்ல செய்தியாகவே பார்த்துப் பழகியிருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

அண்ணனை எங்கள் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ரத்தத்தில் கீட்டோன் பார்த்து, அபாய அளவில் இல்லை என்று சொன்னவர், சாப்பாடு சரியாக இறங்கும்வரை அந்த மாத்திரையை நிறுத்திவைக்கவும், வாந்தி அடங்கும்வரை ஓ.ஆர்.எஸ்ஸோடு சிறிது சிறிதாகக் கஞ்சி குடிக்கவும் சொன்னார். “பேலியோ எங்கேயும் ஓடிப்போகாது, உடம்பு தேறின பிறகு ஆரம்பிச்சுக்கலாம்” என்பது அவர் சொன்ன சொல். நான் சாப்பிடும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையும் வாந்தி, வயிற்றுப்போக்கால் நீர் வற்றும் நிலை வந்தால் தன்னைக் கேட்டு நிறுத்த வேண்டும் என்றார். எனக்கு வாந்தி இல்லை, சாப்பாடு இறங்கியது, ஆகவே நான் தொடர்ந்து டப்பா சாப்பாட்டிலேயே இருந்தேன். காலைச் சர்க்கரை சற்று ஏறி, காய்ச்சல் விட்டதும் பழைய நிலைக்கு வந்தது. ஒரே வீட்டில் ஒரே காய்ச்சலுக்கு ஒருவருக்குப் பொருந்திய சாப்பாடு மற்றவருக்குப் பொருந்தாமல் போனதற்குக் காரணம் மாத்திரைச் சீட்டிலும் வாந்தியிலும் இருந்தது. இரண்டையும் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் சேவையினருக்கும் அது தெரிந்திருக்கும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இந்தத் தொகுப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே கூடாது. காய்ச்சலில் சாப்பிடவில்லை என்று இன்சுலினைத் தாங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

சேவை ஒழுங்கைப் பொறுத்தவரை பாராட்டத்தான் வேண்டும். மழையிலும் நேரம் தவறவில்லை, டப்பாக்கள் கசியவில்லை, பையன் படியேறி வந்து கதவருகே வைத்துவிட்டு அழைக்கிறான். ஒரு நாளைக்கு ஒருவருக்கான தொகை ஓர் உயர்தர சைவ உணவகத்தில் இருவர் மதியச் சாப்பாடு சாப்பிடும் அளவுக்கு வருகிறது. சூப்புக்கு அந்த விலை தகும், காலிபிளவருக்குத் தகாது. அண்ணன் பங்கை இடையில் நிறுத்தியபோது மீதிப் பணத்தைத் திருப்பித் தரவில்லை, அடுத்த மாதத்துக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு இல்லாமல் காய்ச்சலும் சளியும் மட்டும் இருப்பவருக்கு, அண்ணன் சாப்பிடும் வகை மாத்திரைகளும் இன்சுலினும் இல்லாதபட்சத்தில், இதைத் தயங்காமல் சொல்வேன். உணவுக்கு ஐந்துக்கு நான்கு, துண்டறிக்கைக்கும் விசாரிப்புக்கும் ஐந்துக்கு ஒன்று. முழுத் தொகுப்பு எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. சூப்பையும் ரசத்தையும் தனியாகக் கேட்டால் தருகிறார்கள், முட்டையை வீட்டிலேயே வேகவைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விடுமுறை என்பதால் சனிக்கிழமை மாலையே கூடுதலாக ஒரு டப்பா சூப் வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது, மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம்.