ஜெல்டா மைதான இசை: 1998-ஆ, 2017-ஆ?

லெஜண்ட் ஆஃப் ஜெல்டா வீடியோ கேம் தொடரில் எனக்குப் பிடித்த இசை எது என்று கேட்டால், போட்டி இரண்டு திறந்தவெளிகளுக்குத்தான்.

1998-இல் வந்த ஆக்கரினா ஆஃப் டைமில் ஹைரூல் மைதானம் என்ற பரந்த வெளிக்கு கோஜி கொண்டோ போட்ட இசை நேராக நெஞ்சை நிமிர்த்தி நடக்கும். அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. பாட்டு ஒரே நீளமாக ஓடாது. சின்னச் சின்னத் துண்டுகள் வரிசை மாறி மாறி ஒட்டிக்கொள்ளும். சும்மா நின்றால் இசை அமைதியாகும், எதிரி நெருங்கினால் பதறும். நிண்டெண்டோ 64 என்ற அந்தப் பழைய கேம் கருவியின் காலத்தில் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! இருட்டியதும் இசை நின்றுவிடும், அப்புறம் விடியலில்தான் திரும்பும்.

2017-இன் பிரெத் ஆஃப் தி வைல்ட் நேர் எதிர். மனாகா கட்டாவோகாவும் குழுவும் பெரும்பாலும் பியானோவை மட்டும், அதுவும் விட்டு விட்டு ஒலிக்கவிட்டார்கள். நடுவில் காற்று, புல், காலடி. சிலருக்கு இது சலிப்பு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, முணுமுணுக்க ஒரு மெட்டு கிடைக்காது. ஆனால் இரவில் குதிரையில் விடாமல் போய்ப் பாருங்கள். 1986-இன் முதல் ஆட்டத்து மெட்டு, அடையாளம் தெரியாத அளவுக்கு மெதுவாக, உள்ளே நுழையும்.

தனியாகக் கேட்க கொண்டோதான். விளையாடும்போது மணிக்கணக்கில் கூடவே இருக்க, என் ஓட்டு பியானோவுக்கு.