பாதரசம் பிடிக்கிற ரெட்டார்ட், ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

சின்ன அளவுல தங்கம் எடுக்குறவங்களுக்குன்னு விக்கிற இரும்பு ரெட்டார்ட் தான் இது. ஒரு குட்டி குடுவை, இறுக்குற மூடி, மூடில இருந்து வளைஞ்சு கீழ இறங்குற ஒரு குழாய், அவ்ளோதான். மண்ணுல இருக்குற தங்கத்த பிடிக்க பாதரசம் போடுவோம், ரெண்டும் ஒட்டி ரசக்கலவை ஆயிரும், துணில பிழிஞ்சு எடுத்த அந்த உருண்டைய உள்ள வச்சு நெருப்புல ஏத்தினா 357 டிகிரில பாதரசம் கொதிச்சு ஆவியாகி குழாய்க்குள்ள போகும், குழாய்ல ஈரத்துணி சுத்தி வச்சா அங்கயே குளுந்து சொட்டு சொட்டா கிண்ணத்துல விழும். முத தடவ அந்த சொட்டுங்கள பாத்தப்ப வயித்த கலக்கிருச்சு, ஏன்னா அந்த உருண்டைல கிட்டத்தட்ட பாதி பாதரசம், இத்தன வருஷமா சட்டில வச்சு திறந்தபடி எரிச்சோமே அதெல்லாம் எங்க போச்சு, நம்ம நெஞ்சுக்குள்ள தானே, வாசனையும் இல்ல நெறமும் இல்ல யாரும் கண்டுக்கல.

பொறுமை இல்லாதவங்களுக்கு இது ஆகாது. நல்லா ஆறினப்புறம் தான் திறக்கணும், என்கூட வேல பாக்குற தம்பி "வெந்துருக்கும்ணே"ன்னு சூட்டோட மூடிய கழட்டிட்டான், மிச்ச ஆவி மொத்தமும் மூஞ்சில. அப்புறம் குழாய் முனைய தண்ணிக்குள்ள முக்கி வைக்கவே வைக்காதீங்க, நெருப்ப எடுத்ததும் குடுவை தண்ணிய உள்ள இழுக்கும், அந்த சூட்டுக்கு வெடிச்சாலும் வெடிக்கும். தங்கமும் பளிச்சுன்னு வராது, பழுப்படிச்சு தான் வரும், அது இரும்போட வேல, வாங்குறவர் மூஞ்சிய சுளிப்பார், அதுக்குன்னு மறுபடி சட்டில போட்டு எரிச்சா இத வாங்கினதே தண்டம்.

எனக்கு கடுப்பான விஷயம் விக்கிறவங்க "இத வாங்கினா பாதரச பிரச்சனையே தீந்துச்சு"ன்னு அடிச்சு விட்டது தான். எரிக்கிறப்ப போறத மட்டும் தான் இது பிடிக்கும். அரைக்கிறப்பவே தாது மொத்தத்துலயும் பாதரசத்த கொட்டுறவங்களுக்கு அது பொடிப்பொடியா ஒடஞ்சு கழிவு மண்ணோட ஆத்துக்கு போயிரும், அங்க கிருமிங்க அத மீதைல் மெர்குரிங்கிற, உடம்புல சேர்ற விஷமா மாத்தும், அப்புறம் மீனு, மீனு தின்ற மனுஷன். பாதரசத்த கட்டுப்படுத்த நாடுங்க சேந்து போட்டு 2017ல அமலுக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தம் ஒழிக்க சொல்ற பட்டியல்ல திறந்தபடி எரிக்கிறதும் இருக்கு, இப்படி மொத்தமா கொட்டுறதும் இருக்கு. முதல்ல தாதுவ நல்லா அலசி கனமான மண்ண மட்டும் பிரிச்சு எடுத்துட்டு, அதுல கொஞ்சூண்டு பாதரசம் போடுறவங்களுக்கு தான் இந்த சாமான் உண்மையா உதவும்.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். கொறச்ச ஒன்றரைல அரை ஸ்டார் மூடிக்காக, மரை இப்பவே தேஞ்சுருச்சு, ஈரக் களிமண் பூசி தான் அடைச்சு ஓட்டுறேன், மூடி மட்டும் தனியா கேட்டா கிடையாதாம், முழு செட்டும் வாங்கணுமாம்.