‘ரீஸ்டோர் செய்த ப்ளூ-ரே’ என்று விற்கும் போலி டிஸ்க்குகள்: பழைய படங்கள் சேர்ப்பவர்கள் கவனிக்கவும்

பழைய உலக சினிமாவை டிஸ்க்கில் சேர்த்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘ரீஸ்டோர் செய்த முழு நீளப் பதிப்பு, ஒரிஜினல் ப்ளூ-ரே, சீல் பிரிக்காதது’ என்ற விளம்பரத்தோடு ஒரே மாதிரி அட்டை போட்ட கிளாசிக் பட வரிசை ஒன்று ஆன்லைனில் விற்பனையில் இருக்கிறது. (ரீஸ்டோர் என்றால் பழைய பிலிமைச் சுத்தம் செய்து மீட்டெடுப்பது; ப்ளூ-ரே என்பது டிவிடியைவிடத் துல்லியமாகப் படம் காட்டும் டிஸ்க்.) அதில் சில படங்களை வாங்கினேன். வந்தவை அத்தனையும் போலி. யாரோ பழைய டிவிடியிலிருந்து எடுத்து, வெற்று டிஸ்க்கில் பதிந்து, அழகான அட்டைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

விளம்பரத்தை மட்டும் பார்த்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன். கீழே குவிந்து கிடந்த ஐந்து ஸ்டார் ரிவ்யூக்கள்தான் என்னை வாங்க வைத்தன. அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் டிஸ்க்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அட்டையைப் பிரித்ததுமே சந்தேகம் வந்தது. தொழிற்சாலையில் அச்சான டிவிடியின் அடிப்பக்கம் பளபளப்பான வெள்ளி நிறத்தில் இருக்கும். இந்த வரிசையில் சில டிஸ்க்குகளின் அடிப்பக்கம் ஊதா நிறம். எழுதக்கூடிய டிவிடியில் தடவியிருக்கும் சாயத்தின் நிறம் அது. அதாவது ப்ளூ-ரே அட்டைக்குள் ப்ளூ-ரேயே இல்லை. மற்றவை ப்ளூ-ரேதான், ஆனால் அவையும் எழுதக்கூடிய வகை. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது 25 ஜிபி கொள்ளும் டிஸ்க்கில் ஒரு டிவிடி அளவுக்குத்தான் படம் இருந்தது, மீதி காலி. பழைய டிவிடிப் படத்தை மென்பொருளில் 1080 கோடுகளுக்கு இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். முகங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு கட்டியது போலத் தெரிகிறது, கேமரா வேகமாகத் திரும்பினால் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் வருகின்றன.

டிஸ்க்கைப் பார்த்தே எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். சில பெரிய ஸ்டூடியோக்களே, தேவை குறைந்த பழைய படங்களை ஆர்டர் வந்தபின் எழுதக்கூடிய டிஸ்க்கில் பதிந்து முறையாக விற்றிருக்கின்றன. அதனால் படத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

அகிரா குரோசாவாவின் ஜப்பானியப் படமான ‘செவன் சாமுராய்’ 207 நிமிடப் படம், 1954ல் வெளியானது. ஏறத்தாழச் சதுரத்துக்குப் பக்கமான 1.37:1 (அகலம்:உயரம்) சட்டகத்தில் எடுத்தது. அகலத்திரை டிவியில் சரியாகப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். எனக்கு வந்த டிஸ்க்கில் பட்டையே இல்லை, படத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் திரையை நிரப்பியிருந்தார்கள். குதிரைகள் குட்டையாக ஓடுகின்றன, சாமுராய்களின் முகங்கள் பூசணிக்காயாக விரிந்திருக்கின்றன. நேரத்தைப் பார்த்தால் 199 நிமிடம். எந்தக் காட்சியும் வெட்டப்படவில்லை, அப்படியானால் எட்டு நிமிடம் எங்கே போனது? சினிமா நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும். பால் (PAL) என்ற டிவி முறையில் வரும் டிவிடிக்காக அதையே 25 சட்டகமாக ஓட்டுவார்கள். படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், குரலும் லேசாகக் கீச்சென்று ஏறும். 207ஐ அப்படி ஓட்டினால் ஏறத்தாழ 199 வரும். ப்ளூ-ரேக்காக நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்த படத்துக்கு இந்தக் கணக்கு வர வாய்ப்பே இல்லை. மூலம் ஒரு பழைய டிவிடி என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இன்னும் மோசம், ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய ஜெர்மன் மௌனப் படமான ‘மெட்ரோபோலிஸ்’. 1927ல் பெர்லினில் முதன்முதலாகத் திரையிட்ட சில மாதங்களிலேயே ஏறத்தாழக் கால்வாசியை வெட்டிவிட்டார்கள். அந்தப் பகுதிகள் போயே போய்விட்டன என்றுதான் பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். 2008ல் பியூனஸ் அயர்ஸில் உள்ள சினிமா அருங்காட்சியகத்தில் ஒரு 16 மிமீ நெகட்டிவ் கிடைத்தது. அதிலிருந்து ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகளை மீட்டு, 2010 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டினார்கள். ஓரிரு சிறு பகுதிகள் தவிர முழுப் படமும் கையில் வந்தது, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். சினிமாவை நேசிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி என் வாழ்நாளில் வந்ததில்லை.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த 16 மிமீ நெகட்டிவ் மிகவும் தேய்ந்த ஒரு பிரிண்டிலிருந்து எடுத்தது. எவ்வளவோ சுத்தம் செய்தும் மீட்ட காட்சிகளில் மழை பெய்வது போலக் கீறல்கள் இருக்கின்றன. சட்டகமும் சற்றுச் சிறியது, ஒரு பக்கம் கறுப்பாக நிற்கும். முழுப் பதிப்பைப் பார்க்கும்போது நல்ல படம் ஓடிக்கொண்டே இருந்து, திடீரென்று கீறல் விழுந்த படமாக மாறும், மறுபடி நல்ல படம் வரும். அந்தக் கீறல்தான் முழுப் பதிப்பு என்பதற்கு அடையாளம்.

எனக்கு வந்த டிஸ்க்கில் ஒரு கீறல் கிடையாது. இல்லாத காட்சிகள் வரும் இடத்தில் ‘இங்கே இன்னது நடந்தது’ என்று எழுத்து அட்டைகள் வருகின்றன, இரண்டு மணி நேரத்தில் படம் முடிந்துவிடுகிறது. அது 2001ல் செய்த பழைய ரீஸ்டோரேஷன். அட்டையில் அச்சிட்டிருப்பதோ ‘2010 முழுப் பதிப்பு’.

விற்றவரிடம் கேட்டேன். முதலில், உங்கள் பிளேயர் பழசு என்றார். டிஸ்க்கின் படங்களை அனுப்பியதும், “எங்களுடையது மற்றவர்களைவிட நன்றாக ரீஸ்டோர் செய்தது, அதனால்தான் கீறல் இல்லை” என்று பதில் வந்தது. இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. தொலைந்த காட்சிகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு சட்டகமாக உட்கார்ந்து சரிசெய்தவர்களின் உழைப்பை, அந்தக் காட்சிகளே இல்லாத டிஸ்க்கை விற்பவர் குறை சொல்கிறார். அப்புறம் பேரம் ஆரம்பித்தது: டிஸ்க்குகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பணம் தருகிறோம், ஐந்து ஸ்டார் போட்டுவிடுங்கள். மறுத்தேன். அப்படியானால் உங்கள் செலவில் வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு முகவரி கொடுத்தார்கள். அனுப்புகிற செலவு டிஸ்க்கின் விலையைத் தாண்டும், அது தெரிந்துதான் கேட்கிறார்கள்.

சரி, மற்றவர்களாவது தப்பிக்கட்டும் என்று விற்பனைத் தளத்தில் விரிவாக ஒரு ரிவ்யூ எழுதினேன். சில நாளில் அதை எடுத்துவிட்டார்கள். ‘இது விற்பவரைப் பற்றிய புகார், பொருளைப் பற்றிய கருத்து இல்லை’ என்று காரணம் சொன்னார்கள். ஊதா நிற டிஸ்க் பொருள் இல்லையாம்!

இப்போது அந்த ஐந்து ஸ்டார் ரிவ்யூக்களுக்கு வருகிறேன். திரும்ப உட்கார்ந்து பொறுமையாகப் படித்தேன். பெரும்பாலானவை பொய் இல்லை, மனதார எழுதியவை. ‘சினிமா வரலாற்றின் உச்சம்’, ‘மழையில் நடக்கும் அந்தச் சண்டையை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது’, ‘மௌனப் படம் இவ்வளவு வேகமாக இருக்கும் என்று நினைக்கவில்லை’. எல்லாம் உண்மை. ஆனால் அவை படத்துக்குப் போட்ட ஸ்டார், டிஸ்க்குக்குப் போட்டவை இல்லை. போதாக்குறைக்குச் சில தளங்கள், ஒரு படத்தின் பழைய டிவிடி, வேறு நிறுவனத்தின் ப்ளூ-ரே, 4கே டிஸ்க் என்று எல்லாவற்றுக்கும் எழுதியதை ஒரே இடத்தில் கொட்டிக் காட்டுகின்றன. நல்ல நிறுவனத்தின் டிஸ்க்கை வாங்கி ஒருவர் எழுதிய பாராட்டு இந்தப் போலியின் கீழே வந்து நிற்கிறது. போலிக்காரன் ஒரு பெரும் படைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும், அதன் புகழே அவனுக்கு விளம்பரம்.

நெஞ்சைத் தைத்தது வேறொன்று. ஒருவர் இதே போலி ‘மெட்ரோபோலிஸை’ வாங்கிவிட்டு ‘பிரிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை’ என்று முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். நேர்மையான நிறுவனம் வெளியிட்ட முழுப் பதிப்புக்கு இன்னொருவர் ‘பல இடங்களில் ஒரே கீறல், ரீஸ்டோர் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்’ என்று ஒரு ஸ்டார் போட்டிருக்கிறார். இருவரும் தங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள். ஆனால் அடுத்து வருகிறவரை அவர்கள் தள்ளிவிடுவது போலியின் பக்கம்.

அதனால், டிஸ்க் சேர்க்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தைப் பற்றி மனம் போல எழுதுங்கள், எனக்கும் அதைப் படிக்கப் பிடிக்கும். கூடவே டிஸ்க்கைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். வெளியிட்டது யார், எந்த ஆண்டுப் பதிப்பு, எத்தனை நிமிடம் ஓடுகிறது, பக்கத்தில் பட்டை வருகிறதா, சப்டைட்டிலை அணைக்க முடிகிறதா இல்லை படத்தோடு ஒட்டியிருக்கிறதா. இதைப் போலிக்காரர்கள் எழுத மாட்டார்கள், எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். நீளம் மாறினால் படத்தைப் பற்றிய கருத்தே மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். ‘மெட்ரோபோலிஸின்’ கதை தாவித் தாவிப் போகிறது, சில பாத்திரங்கள் எதற்கு வருகிறார்கள் என்றே புரியவில்லை என்று பலர் பல காலமாகக் குறை சொல்லி வந்தார்கள். 2010 பதிப்பில் அந்தப் பாத்திரங்களுக்கு முழுக் கிளைக்கதையே இருக்கிறது. குறுகிய பதிப்பைப் பார்த்துவிட்டுத் திட்டினால் திட்டு இயக்குநருக்குப் போகிறது, போக வேண்டியது கத்தரி வைத்தவர்களுக்கு.

வாங்குமுன் என்ன பார்ப்பது? வெளியீட்டாளர் பெயர் இல்லாமல் ‘இறக்குமதிப் பதிப்பு’ என்று மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். படத்தின் சரியான நீளத்தை முதலிலேயே தெரிந்துகொண்டு விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். டிஸ்க்கின் அடிப்பக்கப் படம் கேளுங்கள். நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொடி எழுத்தில் எண்கள் தெரியும். தொழிற்சாலை டிஸ்க்கில் அந்தந்தப் படத்துக்கென்று தனி மேட்ரிக்ஸ் எண் இருக்கும், பெரும்பாலும் ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் குறியீடும் இருக்கும். என்னிடம் இருந்தவற்றில் வெற்று டிஸ்க் தயாரித்தவரின் எண்தான் இருந்தது, வெவ்வேறு படங்களின் டிஸ்க்கில் ஒரே வரிசை. படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம். பார்சலைப் பிரிப்பதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், எந்தத் தகராறிலும் அது உதவும்.

“படம் ஓடுகிறதல்லவா, பார்த்துவிட்டுப் போ” என்று ஒரு நண்பர் சொன்னார். என்னால் அப்படி விட முடியவில்லை. டிஜிட்டலில் ‘வாங்கிய’ படம் உரிமம் முடிந்தால் போய்விடும். படங்களை ஆன்லைன் அலமாரியில் வைத்துத் தந்த அல்ட்ராவயலட் சேவையே 2019 ஜூலை 31ல் மூடப்பட்டது. பல வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம் என்றுதானே டிஸ்க்குக்கு இடம் ஒதுக்குகிறோம்? எழுதக்கூடிய டிவிடியில் தரவு இருப்பது ஒரு கரிமச் சாயத்தில். வெளிச்சமும் சூடும் படப்பட அது கெடும். மலிவான டிஸ்க் என்றால் எப்போது கைவிடும் என்று சொல்லவே முடியாது.

பணம் திரும்பக் கிடைத்தது, தளத்தின் மூலம் இல்லை. கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் எதிர்ப்பு பதிவு செய்தேன். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், டிஸ்க்கின் படங்கள், நீளக் கணக்கு, ஐந்து ஸ்டாருக்குப் பாதிப் பணம் என்ற அந்த மெசேஜ், எல்லாவற்றையும் இணைத்தேன். அந்த மெசேஜ்தான் அவர்களைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். அதனால் இப்படிப்பட்டவர்களோடு போனில் பேசாதீர்கள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வங்கியில் எதிர்ப்பு பதிய காலக்கெடு உண்டு, விற்பவர் ‘இதோ, அதோ’ என்று இழுத்தடிப்பது அந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான்.

விற்றவரின் பக்கம் இப்போது அங்கே இல்லை. ஆனால் அதே அட்டைகள், அதே வாசகம், அதே மங்கலான புகைப்படங்களோடு வேறு பெயரில் விற்பனை நடக்கிறது. அடையாளம் சொல்கிறேன்: கறுப்பு அட்டை, முதுகில் தங்க நிறத்தில் வரிசை எண், பின்பக்கம் எந்த வெளியீட்டாளர் முத்திரையும் இல்லை, ‘மெட்ரோபோலிஸ்’ நீளம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.