கிட்டார் மெட்டும் பியானோ மெட்டும்: ‘ஏ.எம்.’மா, ‘டிராங்க்விலிட்டி பேஸா’?

ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரசிகர்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் பத்தாவது நிமிடத்தில் இந்தச் சண்டை வந்துவிடும். 2013இல் வந்த ‘ஏ.எம்.’ ஆல்பம்தான் உச்சம், அதற்கப்புறம் எல்லாம் இறக்கம் என்பார் ஒருவர். 2018இல் வந்த ‘டிராங்க்விலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கசினோ’வில்தான் இவர்கள் பெரியவர்கள் ஆனார்கள் என்பார் மற்றவர். இரண்டிலும் குழு அதே நாலு பேர். தயாரிப்பில் இரண்டிலும் ஜேம்ஸ் ஃபோர்ட் இருக்கிறார். அப்புறம் ஏன் இவ்வளவு தூரம்?

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துப் பையன்களாக 2006இல் முதல் ஆல்பம் போட்டபோது பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. கிளப் வாசல் அடிதடி, டாக்சிக்குக் காத்திருக்கும் ராத்திரி என்று மூச்சுவிடாமல் கொட்டிய பாடல்கள் அவை. அந்த வேகம் ‘ஏ.எம்.’மிலேயே இல்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

‘ஏ.எம்.’மின் முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். காலால் தரையை மிதிப்பது போல ஓர் அடி, அதற்குப் பதில் சொல்வது போல ஒரு கைதட்டல். நிமிடத்துக்குச் சுமார் 85 அடிதான், நடந்துபோகிற வேகம். அதன்மேல் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் அந்த மெட்டு சோம்பலாக வந்து உட்காருகிறது. தாளம் அமெரிக்க ஹிப்-ஹாப்பிலிருந்து வந்தது. டாக்டர் டிரேயின் பாணியைப் பற்றி குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான அலெக்ஸ் டர்னரே அப்போது பேசியிருக்கிறார். கிட்டாரோ எழுபதுகளின் கனமான ராக். பின்னணியில் டிரம்மர் மேட் ஹெல்டர்ஸும் பாஸ் கிட்டார் வாசிக்கும் நிக் ஓ’மாலியும் கள்ளக்குரலில் உச்சத்துக்குப் போகிறார்கள். ஒட்டாது என்று தோன்றும் மூன்று சரக்குகள் ஒட்டிக்கொண்டன.

ஆனால் வரிகள்? நள்ளிரவு தாண்டிய ஃபோன் அழைப்பு, போதை, அவள் வருவாளா மாட்டாளா. பன்னிரண்டு பாட்டிலும் ஏறக்குறைய அதே ராத்திரிதான் ஓடுகிறது. கடைசிப் பாட்டுக்கு ஜான் கூப்பர் கிளார்க்கின் கவிதையை எடுத்து மெட்டமைத்தார்கள். இன்று பல பேருக்கு இந்தக் குழு அறிமுகமாவதே அந்தப் பாட்டால்தான், அதாவது இரவல் வரிகளால்.

அடுத்த ஆல்பத்தின் கதை ஒரு பிறந்தநாள் பரிசில் தொடங்குகிறது. டர்னருக்கு முப்பது வயதானபோது மேனேஜர் ஒரு ஸ்டெயின்வே பியானோ கொடுத்தார். லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் அதன் முன்னால் உட்கார்ந்துதான் புதுப் பாடல்கள் எழுதப்பட்டன. என் கணக்கில் விஷயம் மொத்தமும் இங்கேதான். கிட்டாரில் எழுதுபவன் விரல் மெட்டைத் தேடும். நாலு சுரம் கிடைத்தால் பாட்டு உருவாகிவிடும். பியானோவில் கை கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, தேடுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம், வரியும் கூடவே நீளும். அதனால்தான் இதில் சில பாடல்களில் பல்லவி எங்கே, சரணம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

களம் நிலா. 1969இல் அப்பல்லோ 11 இறங்கிய ‘டிராங்க்விலிட்டி பேஸ்’ என்ற இடத்தில் ஒரு சொகுசு ஹோட்டல். அதன் கூரைமேல் டாகோ என்ற மெக்சிக உணவு விற்கும் ஒரு கடை திறக்கிறார்கள், விமர்சனங்களில் அதற்கு ஐந்துக்கு நாலு ஸ்டார். (நாம் சாப்பாட்டுக் கடை தேடும்போது பார்க்கிற அதே ஸ்டார்தான். ஐந்துக்கு ஐந்து கொடுத்திருந்தால் நகைச்சுவையே போயிருக்கும்.) எழுத்தாக இது ‘ஏ.எம்.’மைவிட எங்கேயோ மேலே. பாஸ் கிட்டார் முன்வரிசைக்கு வந்து தனியாக ஒரு கதை சொல்கிறது. ஆனால் ஒன்று: மலிவான இயர்போனில், ஓடும் பஸ்ஸில் கேட்டால் அந்த பாஸ் காணாமல் போய்விடும், மிச்சம் இருப்பது ஒருவர் புலம்புவது மட்டும். ‘ஏ.எம்.’ எந்த ஸ்பீக்கரிலும் பிழைத்துக்கொள்ளும்.

என் உண்மையான மனக்குறை ஹெல்டர்ஸ் பற்றியது. இவ்வளவு நல்ல டிரம்மரைக் கல்யாண வீட்டில் பந்திக்கு வெளியே நிறுத்திவைத்தது போல இருக்கிறது. முன்னோட்டமாக ஒரு பாட்டுகூட விடாமல் ஆல்பத்தை முழுசாக வெளியிட்டதால், ‘ஏ.எம்.’ மாதிரி எதிர்பார்த்து வந்தவர்கள் வாசலிலேயே தடுக்கி விழுந்தார்கள்.

சரி, எது ஜெயிக்கிறது? 2022இல் ‘தி கார்’ வராமல் இருந்திருந்தால் நானும் ‘ஏ.எம்.’ என்றே சொல்லியிருப்பேன். அந்த ஆல்பத்தில் பியானோ இருக்கிறது, வயலின் கூட்டம் இருக்கிறது. ‘பாடி பெயிண்ட்’ பாட்டின் கடைசியில் கிட்டார் கரகரவென்று திரும்பியும் வருகிறது, டிரம்ஸ் மூச்சுவிடுகிறது. ‘ஏ.எம்.’மிலிருந்து நேராக அங்கே போக வழியில்லை; நிலா ஹோட்டலில் ஒரு ராத்திரி தங்கித்தான் போக முடியும். அதனால் என் ஓட்டு டிராங்க்விலிட்டிக்கு. ஆனாலும் காலையில் சமையல் செய்துகொண்டே போடுவது ‘ஏ.எம்.’தான்.

இதுவரை கேட்காதவர்கள் நிலா ஆல்பத்தை வேலைக்கு நடுவே போட வேண்டாம். வரிகளைக் கண்முன் வைத்துக்கொண்டு, நல்ல ஹெட்ஃபோனில், நாற்பது நிமிடம் எழுந்திருக்காமல் கேளுங்கள். முதல் தடவை பிடிக்காது. எனக்கு நாலாவது தடவைதான் பிடித்தது.